ஸ்டொக்பிஷ்ஷை வழிக்குக் கொண்டுவந்த கதை

உவர்மலை வெக்கையில் என் பழைய லேப்டொப்பில் ஸ்டொக்பிஷ்ஷை, அதாவது செஸ் ஆட்டங்களை அலசும் எஞ்சினை, ஓடவிட்டால் பத்து நிமிசத்தில் ஃபேன் இரைய, மவுஸ் அசையவே மாட்டாது. பிழை என்னுடையதுதான். 4 ஜிபி ராம் உள்ள மெசினில், கூடக் கொடுத்தால் நல்லாய் யோசிக்கும் என்று ஹாஷை (அலசியதை நினைவில் வைக்க எஞ்சின் எடுக்கும் ராம்) 4096 எம்பி ஆக்கி வைத்திருந்தேன், விண்டோஸுக்கு மிச்சம் ஒன்றுமில்லாமல் ஹார்ட் டிஸ்க் லைட் அணையாமல் மின்னிக்கொண்டே கிடந்தது. (தானாக வருவது வெறும் 16 எம்பி, அது நீண்ட அலசலுக்குக் காணாது.) 1024க்குக் குறைத்தேன். த்ரெட்ஸ், அதாவது ஒரே நேரத்தில் ஓடும் வேலைகள், நாலு கோர் உள்ள மெசினில் மூன்று. சரி, இரைச்சல் அடங்கியது.

ஆனால் பெரிய மாற்றம் மல்டிபிவியை (எத்தனை சிறந்த நகர்த்தல்களைக் காட்ட வேண்டும் என்ற எண்) 3 ஆக்கியதுதான். வேகம் குறையும், குறையட்டும். தோற்ற ஆட்டமொன்றில் குதிரையை ஈ5 கட்டத்துக்கு வைத்ததைப் பெரிய பிழை என்று நினைத்து ஒரு கிழமை கவலைப்பட்டேன், பார்த்தால் எஞ்சின் போட்ட சாதகப் புள்ளியில் முதல் நகர்த்தல் +0.4, என்னுடையது இரண்டாவதாக +0.3. இதற்கா நித்திரை கெட்டேன்! உண்மையான பிழை ஆறு நகர்த்தல் தள்ளி, கோட்டையை அவசரமாக மாற்றிக்கொண்ட இடத்தில் இருந்தது.

இப்போது எஞ்சினை நிறுத்திவிட்டு, தோற்ற ஆட்டத்தில் நான் என்ன நினைத்தேன் என்று கொப்பியில் எழுதிய பிறகுதான் அதை ஓடவிடுகிறேன்.