ஊர்ப் பேய்க்கதையை வைத்துச் சுற்றுலா நடத்த நினைக்கிறவர்களுக்கு

தனுஷ்கோடிக்குப் போய் வந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். இடிந்த தேவாலயத்தின் முன்னால் படம் எடுத்தோம், அரிச்சல்முனையில் கடலைப் பார்த்தோம், மீன் சாப்பாடு நன்றாக இருந்தது என்பார்கள். 1964 டிசம்பர் 22 நள்ளிரவுக்குச் சற்று முன் பாம்பனிலிருந்து கிளம்பிய பாசஞ்சர் ரயில், தனுஷ்கோடி ஸ்டேஷனை நெருங்கும் நேரத்தில் புயல் அலையில் போனதும், அதில் இருந்த 100க்கும் மேற்பட்டவர்கள் செத்ததும் பலருக்குத் தெரியாது. அந்த மண்ணில் அரை நாள் நின்றுவிட்டு, அங்கே யார் செத்தார்கள் என்று தெரியாமலே திரும்புகிறார்கள். 2017இல் அரிச்சல்முனை வரைக்கும் தார்ச்சாலை வந்துவிட்டது, கூட்டமும் வருகிறது, கதை சொல்லத்தான் ஆள் இல்லை.

உங்கள் ஊர்ப்பக்கம் இப்படி ஒரு இடம் இருந்து, அதை வைத்து நாலு பேருக்கு வருமானம் வருகிற மாதிரி ஏதாவது செய்ய முடியுமா என்று யோசிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். சாவு நடந்த இடங்களைப் பார்க்கப் போவதற்கு டார்க் டூரிசம் என்று பெயர். 1996இல் ஸ்காட்லாந்தில் இரண்டு ஆய்வாளர்கள் வைத்தது. பேய்ச் சுற்றுலா அதற்குப் பக்கத்து வீடு. நம் ஊரில் இந்த இரண்டையும் பிரிக்கவே முடியாது, ஏனென்றால் இங்கே அநியாயமாகச் செத்தவர் பேயாக மட்டும் நின்றுவிடுவதில்லை, கொஞ்ச நாளில் சாமியாகிவிடுகிறார். வத்திராயிருப்புப் பக்கம் அர்ச்சுனாபுரத்தில் நல்லதங்காளுக்குக் கோயில் இருக்கிறது, அவள் பிள்ளைகள் ஏழு பேரோடு விழுந்ததாகச் சொல்லும் கிணறும் அங்கேயே இருக்கிறது. கன்னியாகுமரி மாவட்டத்து முப்பந்தலில் கும்பிடும் இசக்கியம்மனின் கதையைக் கிளறினால், பழிவாங்கும் பேயாக வந்த நீலியின் கதை வந்து நிற்கும். அதனால் நீங்கள் கையில் எடுக்கப்போவது வெறும் பயமுறுத்தல் சமாச்சாரம் இல்லை. இன்னொருவர் கும்பிடும் தெய்வம் அது, பல இடங்களில் இன்னொருவர் வீட்டுச் சாவும்கூட. அந்த நினைப்போடு ஆரம்பித்தால் பாதித் தவறுகள் நடக்காது.

முதலில் கதையைச் சேகரியுங்கள்

குறைந்தது மூன்று மாதம் இதற்கே ஒதுக்குங்கள். யூடியூப் வீடியோக்களைப் பார்த்து ஆரம்பிக்காதீர்கள், அவை ஒன்றையொன்று பார்த்து எடுத்தவை. கோயில் பூசாரி, வில்லுப்பாட்டுக் கலைஞர், மயானத்தில் வேலை செய்பவர், ரிட்டயரான போஸ்ட்மேன், பிரசவம் பார்த்த பாட்டி, இவர்களிடம் போய் உட்காருங்கள். முதல் நாளே போனை நீட்டிப் பதிவு செய்யாதீர்கள். இரண்டாவது தடவை போகும்போது, போன தடவை சொன்னதை நீங்கள் திருப்பிச் சொல்லுங்கள், அவர்களே திருத்துவார்கள். அந்தத் திருத்தத்தில்தான் நல்ல விஷயமெல்லாம் வரும்.

ஒரே கதையை எல்லாத் தெருவிலும் கேட்பது ரொம்ப முக்கியம். முத்துப்பட்டன் கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். பிராமணனாகப் பிறந்தவன் பொம்மக்கா, திம்மக்கா என்ற இரண்டு சக்கிலியப் பெண்களைக் கல்யாணம் செய்து, மாமனாரின் மாடுகளைக் காக்கப் போய் வெட்டுப்பட்டுச் சாகிறான், அவர்கள் இரண்டு பேரும் அவன் சிதையில் இறங்குகிறார்கள். திருநெல்வேலி மாவட்டத்துச் சொரிமுத்து அய்யனார் கோயிலில் பட்டவராயன் என்ற சாமியாக இருக்கும் அவனுக்கு இன்றும் செருப்பைக் காணிக்கையாக வைக்கிறார்கள். ஆனால் சில பாடல்களில் அந்தப் பெண்கள் காட்டில் கிடைத்த பிராமணக் குழந்தைகள் என்று மாற்றிப் பாடியிருக்கிறார்கள். ஒரே தெருவில் கேட்டுவிட்டு வந்தால் அந்த மாற்றம் உங்கள் கண்ணில் படாது, கதையின் உயிரே அதோடு போய்விடும். யாருடைய பெயர் கதையிலிருந்து அழிக்கப்பட்டிருக்கிறது, யாரைக் கெட்டவனாக்கியிருக்கிறார்கள் என்று கேட்டுக்கொண்டே இருங்கள். எந்தச் சாதியையும் இழிவாகச் சொல்லும் வரி உங்கள் வாயிலிருந்து வரக்கூடாது. சட்டப்படியும் சிக்கல், மனசாட்சிப்படியும் தப்பு.

அப்புறம், நடந்தது எது, சொல்லப்படுவது எது என்று நோட்டில் இரண்டு பக்கமாக எழுதிக்கொள்ளுங்கள். ராஜஸ்தானில் ஜெய்சல்மேர் பக்கம் குல்தாரா என்று ஒரு காலி ஊர் இருக்கிறது. சலீம் சிங் என்ற திவான் ஊர்ப் பெண் ஒருத்தி மேல் கண் வைத்ததால் பாலிவால் பிராமணர்கள் சாபம் கொடுத்துவிட்டு ஒரே ராத்திரியில் ஊரைக் காலி செய்தார்கள் என்பது கதை. தண்ணீர் வற்றியது, வரி தாங்க முடியவில்லை, நிலநடுக்கமாகவும் இருக்கலாம் என்பது ஆய்வாளர்கள் சொல்வது. இரண்டையும் சொன்னால் வருகிறவர்களுக்கு ஆர்வம் கூடத்தான் செய்யும், குறையாது. தண்ணீர் இல்லாமல் ஒரு ஊரே கிளம்பிப் போவது எப்படியிருக்கும் என்பது நமக்கு விளக்கிச் சொல்ல வேண்டிய சங்கதியா என்ன.

எந்தக் கதையைத் தொடக்கூடாது

நான் வைத்திருக்கும் அளவுகோல் இது: அந்தச் சாவுக்கு அழுதவர்களில் ஒருவராவது உயிரோடு இருந்தால், முதலில் அவரிடம் கேட்க வேண்டும். அவர் வேண்டாம் என்றால் அதோடு விட்டுவிட வேண்டும், எவ்வளவு நல்ல கதையாக இருந்தாலும்.

தற்கொலை நடந்த இடங்களை எப்போதும் விட்டுவிடுங்கள். கொடைக்கானலில் கிரீன் வேலி வியூ என்று பெயர் இருந்தும் பழைய பெயரான தற்கொலை முனையையே ஆட்கள் இன்னும் சொல்கிறார்கள். அந்தப் பெயரைச் சொல்லி ஒரு இடத்தை விற்பது ஆபத்தான வேலை. மனம் உடைந்து வருகிற ஒருவரும் உங்கள் கூட்டத்தில் இருக்கலாம்.

கீழ்வெண்மணி மாதிரி இடங்களும் பேய்ச் சுற்றுலாவுக்குள் வரவே கூடாது. 1968 டிசம்பர் 25இல் கூலி உயர்வு கேட்ட தலித் விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் ஒரே குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்டார்கள். அங்கே வருஷாவருஷம் அந்த நாளில் அஞ்சலிக்கு மக்கள் கூடுகிறார்கள். உங்கள் கூட்டத்தை அங்கே அழைத்துப் போகத்தான் வேண்டும் என்றால், பகலில் போய், நினைவிடத்தில் நின்று, நடந்ததைச் சொல்லிவிட்டுத் திரும்புங்கள். டார்ச்சும் வேண்டாம், திகில் பேச்சும் வேண்டாம்.

அனுமதி

இதில் சோம்பல்பட்டால் முதல் மாதமே கடையை மூட வேண்டியிருக்கும். தமிழ்நாட்டில் வருஷத்துக்கு 6 கிராமசபைக் கூட்டங்கள் நடக்கின்றன: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அதில் ஒன்றில் எழுந்து நின்று என்ன செய்யப்போகிறீர்கள், எத்தனை பேர் வருவார்கள், எத்தனை மணிக்கு முடிப்பீர்கள், ஊருக்கு என்ன கிடைக்கும் என்று சொல்லுங்கள். எதிர்ப்பவர்கள் யார் என்று அங்கேயே தெரிந்துவிடும், மறுநாள் அவர்கள் வீட்டுக்குப் போய்ப் பேசலாம். காவல் நிலையத்தில் தேதி போட்டு ஒரு கடிதம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கி வையுங்கள்.

கோயில் என்றால் அது குடும்பக் கோயிலா, ஊர்க் கோயிலா, அறநிலையத் துறையிடம் இருக்கிறதா என்று பாருங்கள். மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடமாக இருந்தால், அதைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதிதாக எதுவும் கட்ட முடியாது, இரவில் உள்ளே விடவும் மாட்டார்கள். ராஜஸ்தானின் பான்கர் கோட்டையில் சூரியன் மறைந்த பிறகு நுழையக்கூடாது என்று அந்தத் துறை வைத்த பலகையைக் காட்டித்தான், பார், அரசாங்கமே பேய் இருக்கிறது என்கிறது என்று பரப்பினார்கள். பாதுகாக்கப்பட்ட சின்னங்கள் பொதுவாகவே மாலையோடு மூடப்படுபவைதான். சொரிமுத்து அய்யனார் கோயில் களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள் இருப்பதால் அங்கே வனத்துறை சொல்வதுதான் சட்டம். தனுஷ்கோடியிலும் சாயங்காலத்துக்கு மேல் ஆட்களை இருக்க விடுவதில்லை. இப்படிப்பட்ட இடங்களில் இருட்டுவதற்குள் பார்த்துவிட்டு, கதையைத் தங்கும் இடத்தில் வந்து சொல்லுங்கள். பார்த்த இடம் கண்ணுக்குள் நிற்கும்போது கேட்கும் கதைக்குத் தனி வலு உண்டு.

நடையை அமைப்பது

கதை சொல்லிக்கொண்டே ஆட்களை நடத்திக் கூட்டிப் போவதைத்தான் நடை என்கிறேன். மாலை 5.30க்கு ஆரம்பித்து 9 மணிக்குள் முடியுங்கள். 12 பேருக்கு மேல் வேண்டாம். மொத்த தூரம் ஒன்றரைக் கிலோமீட்டர் போதும். வெளிச்சம் இருக்கும்போதே வழியைக் காட்டிவிட்டு அதே வழியில் இருட்டில் திரும்பி வாருங்கள். போகும்போது பார்த்த ஆலமரம் வரும்போது வேறு மரமாகத் தெரியும், அதற்கு மேல் நீங்கள் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. வெள்ளைச் சேலை கட்டி ஒரு ஆளை மரத்துக்குப் பின்னால் நிறுத்துகிற வேலையை மட்டும் செய்யாதீர்கள். பயத்தில் ஓடுகிறவர் எங்கே விழுவார் என்று யாருக்கும் தெரியாது, அதோடு அந்தக் கதைக்குரிய சாமியைக் கும்பிடுகிறவர்கள் உங்களை மன்னிக்கவும் மாட்டார்கள்.

கதையை மெதுவாகச் சொல்லுங்கள், குரலை உயர்த்த வேண்டாம். செத்தவர் என்ன வேலை செய்தார், எந்தப் பஞ்சம், எந்த வெள்ளம், வீட்டில் யார் யார் இருந்தார்கள் என்பதையெல்லாம் சொன்ன பிறகுதான் சாவுக்கு வர வேண்டும். நல்லதங்காள் கதையில் மனசைப் பிசைவது கிணறா? பசியோடு அண்ணன் வீட்டுக்கு நடந்து வந்த பிள்ளைகளுக்கு அண்ணன் மனைவி மூளி அலங்காரி சோறு போடாமல் விரட்டுகிற இடம்தான். அதை ஒழுங்காகச் சொல்லிவிட்டால் கிணற்றங்கரையில் நீங்கள் வாய் திறக்கவே வேண்டாம்.

இயற்கை தரும் சத்தங்களையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். பாழடைந்த கட்டடத்தில் கிறீச்சிடுவது பெரும்பாலும் கூகைதான், வௌவால் தலைக்கு மேல் போனால் காற்று முகத்தில் அடிக்கும், கொள்ளிவாய்ப் பிசாசு என்பதற்குச் சதுப்பு நிலத்திலிருந்து எழும் வாயுவை விளக்கமாகச் சொல்வார்கள். இதையெல்லாம் நடை முடிந்த பிறகு, சாப்பிடும்போது சொல்லுங்கள். சிலர் பேய் பிடிக்கும் மீட்டர் என்று ஒன்றை வாங்கிக்கொண்டு வருவார்கள். அது மின்காந்தப் புலத்தை அளக்கும் கருவி, கரண்ட் கம்பி, மோட்டார், செல்போன் பக்கத்தில் போனாலே விளக்கு எரியும். பேய் வருமா என்று கேட்டால், நாங்கள் கதையைத்தான் காட்டுகிறோம் என்று உண்மையைச் சொல்லிவிடுங்கள்.

கொடை விழா, அதாவது தென்மாவட்ட நாட்டார் கோயில்களின் திருவிழா, நடக்கும் சமயத்தில் ஆட்களை அழைத்துப் போக ஆசை வரும். சுடலைமாடன் கோயிலில் நடுச்சாமத்தில் சாமியாடி மயானத்துக்கு வேட்டைக்குப் போவதைப் பார்த்தவர்கள் வாழ்நாளில் மறக்க மாட்டார்கள், உண்மைதான். ஆனால் வெளியாள் வரலாமா என்று விழாக் கமிட்டியிடம் கேட்டுவிட்டு, ஐந்து பேரோடு, ஓரமாக, போனை அணைத்துவிட்டுப் போங்கள். கிடா வெட்டுவார்கள் என்பதை முன்பணம் வாங்குவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். மற்ற நாட்களில் காசு கொடுத்து யாரையும் சாமியாடச் சொல்லக்கூடாது. வில்லுப்பாட்டு என்றால் தாராளமாகக் கூப்பிடலாம், அது அவர்கள் தொழில், கேட்கும் சம்பளத்தைப் பேரம் பேசாமல் கொடுங்கள்.

பாதுகாப்பு

பேயை விடப் பாம்பும் கிணறும்தான் உங்கள் பயமாக இருக்க வேண்டும். கட்டுவிரியன் ராத்திரியில்தான் நடமாடும், கடித்தால் பெரிய வலிகூடத் தெரியாமல் போகலாம், அதனால் சந்தேகம் வந்தாலே மந்திரிக்கப் போகாமல் 108ஐக் கூப்பிட்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். விஷமுறிவு மருந்து எந்த அரசு மருத்துவமனையில் இருக்கிறது என்று முன்னாலேயே விசாரித்து வையுங்கள். வருகிற எல்லோருக்கும் மூடிய காலணி, ஆளுக்கு ஒரு டார்ச். கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறு ஒவ்வொன்றையும் பகலில் பார்த்துக் கயிறு கட்டுங்கள். மழை பெய்த வாரம் பழைய சுவர்களுக்குப் பக்கத்தில் போக வேண்டாம். குடித்துவிட்டு வந்தவரைப் பணத்தைத் திருப்பிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள். முன்னால் ஒரு ஆள், கடைசியில் ஒரு ஆள், ஒவ்வொரு நிறுத்தத்திலும் தலையை எண்ண வேண்டும், வழிகாட்டிகளில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும்.

பணம்

ஒரு கணக்குக்குத் தலைக்கு 600 ரூபாய், 12 பேர் என்று வையுங்கள்: 7,200. சாப்பாடு செய்யும் வீட்டுக்கு 1,800, கதை சொல்பவருக்கு 1,500, இரண்டு வழிகாட்டிகளுக்கு 1,200, ஊர்ப்பொதுவுக்கு 1,000, டார்ச், முதலுதவி, வண்டிச் செலவுக்கு 700. மிச்சம் 1,000 உங்களுக்கு. குறைவாகத்தான் தெரியும், ஆனால் ஊர்ப்பொதுவுக்குப் போகும் காசைப் பஞ்சாயத்துப் போர்டு சுவரில் மாதாமாதம் எழுதிப் போட்டீர்கள் என்றால் அடுத்த வருஷமும் உங்களை ஊர் விடும். கழிப்பறைக்கு ஒரு வீட்டோடு பேசி வாடகை கொடுங்கள். ஆட்களைத் தங்க வைக்கப் போகிறீர்கள் என்றால் சுற்றுலாத் துறையில் விசாரித்துப் பதிவு செய்துவிடுங்கள்.

விளம்பரத்தில் இடத்தின் சரியான லொகேஷனைப் போடாதீர்கள், பஸ் ஸ்டாண்டில் சந்திப்போம் என்று மட்டும் போடுங்கள். இல்லையென்றால் நடுராத்திரியில் பாட்டிலோடு பைக்கில் வருவார்கள், மறுநாள் சுவரெல்லாம் அவர்கள் பெயர் இருக்கும். தனியார் வீட்டைப் பேய் வீடு என்று எழுதவே எழுதாதீர்கள், அந்த வீட்டை விற்கவோ வாடகைக்கு விடவோ முடியாமல் ஒரு குடும்பம் தவிக்கும்.

முதல் நடையை ஊர்க்காரர்களுக்கே இலவசமாக நடத்துங்கள். நாங்கள் அப்படித்தான் செய்தோம். கிணத்துப் பேய் என்று நான் ஆரம்பித்ததும் பின்னாலிருந்து ஒரு ஆச்சி நிறுத்தினார். "ஏன் தம்பி, அவளுக்குப் பேரு இல்லையா? எங்கம்மாவும் அவளும் ஒண்ணா தண்ணி எடுத்தவங்க" என்று சொல்லி, அந்தப் பெயரையும், அவள் எந்த வீட்டில் வாக்கப்பட்டாள், என்ன பஞ்சம், எத்தனை நாள் பட்டினி என்பதையும் அங்கேயே நின்று சொல்லி முடித்தார். அன்றிலிருந்து அந்த இடத்தில் நான் பேசுவதில்லை. ஆச்சிக்கு ஒரு நாற்காலி போட்டு வைத்திருக்கிறோம், அவர்தான் சொல்கிறார்.