குரல் எச்சரிக்கை நிரல்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வர்த்தக மென்பொருளில் குரல் எச்சரிக்கை எழுதத் தொடங்குகிறவர்கள் ஒருவர் பின் ஒருவராக ஒரே பள்ளத்தில் விழுவதைப் பார்க்கிறேன். ஒலி அணைந்திருப்பது, அடைப்புக்குறி விடுபடுவது போன்றவை தாமாகவே பிடிபட்டுவிடும் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன். எடுத்துக்காட்டுகள், பங்கு வரைபடங்களை ஆராயும் மென்பொருளான ஆமிபுரோக்கரில் எழுத்தைக் குரலாக்கும் ‘ஸே’ கட்டளையை ஒட்டியவை.

இயல்பு மதிப்பைக் கவனியாமல் விடுவது

‘ஸே’ கட்டளையின் இரண்டாவது அளவுருவான ‘பர்ஜ்’ (துடைப்பு) குறிப்பிடப்படாவிட்டால் ‘ட்ரூ’ (ஆம்) என்றே கொள்ளப்படும். அப்போது புதிய செய்தி வந்ததும், ஒலித்துக்கொண்டிருப்பதும் காத்திருப்பவையும் துடைக்கப்பட்டுவிடும். விண்டோஸின் பேச்சு இயந்திரத்தை நேரடியாக அழைப்பவர்கள் கொடியாக, அதாவது பேசும் முறையைக் குறிக்கும் எண்ணாக, 3 என்று கொடுத்தாலும் விளைவு இதுவே; 1 மட்டும் கொடுத்தால் செய்தி வரிசையில் சேரும்.

‘பர்ஜ்’ அளவுருவை ‘ஃபால்ஸ்’ (இல்லை) என மாற்றியதோடு நிறுத்திக்கொள்வது

இன்றும் எனக்கு எரிச்சலூட்டுவது இதுதான். துடைப்பதை நிறுத்தியவுடன் செய்திகள் முழுமையாக ஒலிப்பதால், கோளாறு தீர்ந்துவிட்டதாகவே தோன்றும். ஆனால் வரைபடம் புதுப்பிக்கப்படும் ஒவ்வொரு முறையும் சூத்திரம், அதாவது நாம் எழுதிய நிரல், முதல் வரியிலிருந்து மீண்டும் ஓடுகிறது. நிபந்தனை உண்மையாக இருக்கும்வரை அதே செய்தி திரும்பத் திரும்ப வரிசையில் சேர்ந்துகொண்டே போகிறது. மூன்று நொடி நீளும் செய்தி நொடிக்கு ஒருமுறை சேர்ந்தால், ஒரு நிமிடத்தில் 180 நொடிப் பேச்சு குவிந்து, குரல் சந்தைக்கு இரண்டு நிமிடம் பின்தங்கிவிடும். நிரல் எழுதப் பழகிவந்த ஒருவர், விலை எப்போதோ திரும்பிவிட்ட பிறகும் ‘வாங்கலாம்’ என்று தெளிவாக ஒலித்த குரலை நம்பி வாங்கி, நட்டப்பட்டார். பாதியில் அறுபடும் செய்தியை யாரும் நம்புவதில்லை. முழுமையாக ஒலிக்கும் பழைய செய்தியை எல்லோரும் நம்பிவிடுகிறார்கள்.

ஆகவே ஒரு நிகழ்வுக்கு ஒரு முறை மட்டுமே பேச வேண்டும். கடைசியாக அறிவித்த பட்டையின் (வரைபடத்தில் ஒரு கால அளவின் விலையைக் காட்டும் கோட்டின்) நேரத்தை நிலைமாறியில், அதாவது நிரல் மீண்டும் ஓடினாலும் மதிப்பை இழக்காத ‘ஸ்டேட்டிக்’ மாறியில், சேமித்து, அது மாறியிருந்தால் மட்டுமே ‘ஸே’யை அழையுங்கள். அந்த மாறி எல்லா வரைபடங்களுக்கும் பொதுவானது என்பதால் அதன் பெயரோடு பங்கின் குறியீட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சேர்க்காவிட்டால் ஒரு பங்கின் எச்சரிக்கை இன்னொன்றின் வாயை அடைத்துவிடும், அதைக் கண்டுபிடிப்பதற்குள் பொறுமை போய்விடும். இன்னும் முடியாத பட்டையில் சமிக்ஞை தோன்றி மறையக்கூடுமாதலால், முடிந்த பட்டையை வைத்தே முடிவெடுப்பது பாதுகாப்பானது.

பேசி முடியும்வரை காத்திருக்கச் செய்வது

சூத்திரமும் உடன் காத்திருக்கும். வேண்டாம்.

கதை சொல்வது

பங்கின் பெயர், திசை, விலை என்ற வரிசையே போதும். ‘கவனிக்கவும், புதிய சமிக்ஞை உருவாகியுள்ளது’ என்று தொடங்கும் செய்தியில் தேவையான சொல் வருவதற்குள் அடுத்த செய்தி வரிசையில் நிற்கும். பல பங்குகள் ஒரே நொடியில் சமிக்ஞை தரும்போது இந்த நீளம் பெருகுவதால், ஒற்றை வரைபடத்தில் மட்டும் சோதித்துவிட்டு நிரலை நம்பிவிடாதீர்கள்.

வேகத்தைக் கூட்டிச் சமாளிப்பது

குரலின் வேகத்தை 10 வரை உயர்த்தலாம். விலை மட்டும் காதில் விழாது.