முட்டை கஸ்டர்ட் பை: அடி ஊறாமல், நடு தண்ணியாகாமல்

கொழும்பு வெக்கையில் முதலில் கெடுவது மாவுதான். 175 கிராம் கோதுமை மா, 90 கிராம் குளிர்ந்த பட்டர், ஒரு சிட்டிகை உப்பு மூன்றையும் விரல் நுனியால் உதிர்த்து, 3 மேசைக்கரண்டி ஐஸ் தண்ணீரில் சேர்த்துப் பிடியுங்கள். பட்டர் உருகினால் ஓடு (கஸ்டர்டைத் தாங்கும் மாவுக் கிண்ணம்) கடினமாகிவிடும். 23 செ.மீ. தட்டில் விரித்து, 30 நிமிடம் ஃபிரிட்ஜில் வையுங்கள். இல்லாவிட்டால் ஓரம் சுருங்கி இறங்கும்.

மாவு ஓட்டைத் தனியாகச் சுடாமல் கஸ்டர்ட் ஊற்றவே வேண்டாம். பேக்கிங் பேப்பர் போட்டு, காய்ந்த கடலையைப் பாரமாக நிரப்பி ஓவனில் 190 பாகை செல்சியஸில் 15 நிமிடம் சுடுங்கள். கடலையை எடுத்துவிட்டு இன்னும் 8 நிமிடம். சூடாக இருக்கும்போதே முட்டை வெள்ளை பூசினால் அடி ஊறாது.

4 முட்டை, 100 கிராம் சீனி, கொஞ்சம் வெனிலா. நுரை வராமல் கலக்குங்கள். நுரைதான் மேலே குமிழாக நிற்கும். 500 மி.லீ. பாலைக் கொதிக்கவிடாமல் சூடாக்கி, மெல்லிய தாரையாக ஊற்றிக் கலக்கி வடியுங்கள். மாவு ஓட்டை ஓவன் தட்டில் வைத்தபிறகு கஸ்டர்டை ஊற்றினால் சிந்தாது. மேலே சாதிக்காயை அப்போதே துருவிப் போடுங்கள், பொடியில் அந்த வாசம் இல்லை.

160 பாகையில் 35 முதல் 40 நிமிடம். ஓரம் இறுகி, தட்டை அசைத்தால் நடுவில் உள்ளங்கையளவு மட்டும் தளும்ப வேண்டும். அப்போதே இறக்குங்கள், ஆறும்போது இறுகும். நடுவும் இறுகட்டும் என்று விட்டால் முட்டை திரிந்து தண்ணீர் கக்கும். 2 மணி நேரம் ஆறிய பின் வெட்டுங்கள், மிச்சம் உடனே ஃபிரிட்ஜுக்கு.