பழைய மியாட்டாவுக்கு நம்பி வாங்கும் ஸ்பேர் பார்ட்ஸ்: புதியவர்களுக்கு ஒரு செய்முறை விளக்கம்

மஸ்டா எம்எக்ஸ்-5 காரின் முதல் தலைமுறை 1989-இல் சிகாகோ கார் கண்காட்சியில் அறிமுகமாகி, 1997 வரை தயாரானது. அமெரிக்காவிலும் கனடாவிலும் மியாட்டா என்பார்கள். ஜப்பானில் யூனோஸ் ரோட்ஸ்டர். இரண்டே சீட், மடக்கும் கூரை, அதிகம் சிக்கலில்லாத எஞ்சின். பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஆசை வந்தவர்களில் நிறைய பேர் முதலில் வந்து நிற்பது இதன் முன்னால்தான். வாங்குவது எளிது. தலைவலி அப்புறம்தான். வாட்டர் பம்ப் என்று தேடினால் மூன்று விலையில் வரும், மூன்று படமும் அச்சு அசலாக ஒன்றுபோல இருக்கும். எதை வாங்குவது?

நீங்களே ஸ்பேனர் பிடித்தாலும் சரி, பார்ட்ஸை மட்டும் வாங்கி மெக்கானிக்கிடம் கொடுத்தாலும் சரி, கீழே உள்ள வரிசையில் போனால் பெரும்பாலான தவறுகளைத் தவிர்க்கலாம்.

படி 1: உங்களிடம் இருப்பது எந்த மியாட்டா?

விற்பனைப் பக்கங்களில் "1990 முதல் 1997 வரை பொருந்தும்" என்று தாராளமாக எழுதியிருப்பார்கள். சில பார்ட்ஸுக்கு அது உண்மை, பிரேக்குக்குச் சுத்தமாகப் பொருந்தாது. 1994 மாடலில் எஞ்சின் 1.6 லிட்டரிலிருந்து 1.8 ஆனது. அதோடு முன் டிஸ்க் 235 மில்லிமீட்டரிலிருந்து 255 ஆனது, பின் டிஸ்க் 231-லிருந்து 251 ஆனது. எஞ்சின் விசையைப் பின் சக்கரங்களுக்குப் பிரித்துத் தரும் டிஃபரென்ஷியலும் பெரிதானது.

இன்னொரு சிக்கலும் உண்டு. இந்தக் கார்கள் பல கை மாறி வந்தவை. நடுவில் யாரோ ஒருவர் 1.6 காரில் 1.8-இன் பிரேக்கை மாட்டியிருக்கலாம். ஆகவே ஆர்சி புத்தகத்தில் உள்ள வருடத்தை மட்டும் நம்பாமல், சக்கரத்தைக் கழற்றி டிஸ்க்கின் குறுக்களவை அளந்துவிட்டு ஆர்டர் போடுங்கள். ஒரு ஸ்கேல் போதும்.

இங்கிலாந்தில் இருப்பவர்களுக்குத் தனியாக ஒன்று. அங்கே ஓடும் பழைய எம்எக்ஸ்-5-களில் நிறைய, ஜப்பானிலிருந்து செகண்ட் ஹேண்டாக வந்த யூனோஸ்தான். அவற்றின் சேஸிஸ் நம்பர் என்ஏ6சிஇ அல்லது என்ஏ8சி என்று தொடங்கும். அதற்கு ஜப்பான் கேட்டலாக்கைத்தான் பார்க்க வேண்டும்.

1990, 1991 தொடக்க மாடல் வைத்திருந்தால், எஞ்சினுக்கு முன்னால் டார்ச் அடித்து, கிராங்க்கின் (எஞ்சினின் முக்கியச் சுழல் தண்டு) முனையில் உள்ள புல்லியைப் பாருங்கள். அதில் நான்கு வெட்டு இருந்தால் அது மூக்கு, அதாவது முன் முனை, குட்டையான கிராங்க். எட்டு இருந்தால் பிரச்சினை இல்லை. குட்டை மூக்கில் நடு போல்ட் தளர்ந்தால், புல்லி வழுக்காமல் பூட்டி வைக்கும் சின்ன உலோகத் துண்டான கீ ஆட ஆரம்பித்து, கிராங்க்கில் கீ உட்காரும் பள்ளத்தையே தின்றுவிடும். அந்த போல்ட்டும் கீயும் மஸ்டா டப்பாவில் வருவதாகவே இருக்கட்டும். இதில் மிச்சம் பிடிக்க நினைத்தால் கிராங்க்கே போய்விடும்.

படி 2: பெயரால் தேடாதீர்கள், நம்பரால் தேடுங்கள்

மஸ்டாவின் பார்ட் நம்பர் மூன்று துண்டாக வரும். உதாரணத்துக்கு ஆயில் ஃபில்டரை எடுத்துக்கொள்ளுங்கள்: பி6ஒய்1-14-302ஏ. முதல் துண்டு அந்தப் பார்ட் முதலில் எந்த மாடலுக்கு, எந்த எஞ்சினுக்கு உருவானது என்பதைக் காட்டும். நடுவில் உள்ள 14, எஞ்சின் ஆயில் சம்பந்தப்பட்ட பிரிவு. கடைசித் துண்டு அந்தக் குறிப்பிட்ட பொருள். அதன் வாலில் ஒட்டியிருக்கும் எழுத்து, திருத்தம் செய்யப்பட்ட பதிப்பைக் குறிக்கும். அந்த எழுத்து மட்டும் மாறியிருந்தால் பெரும்பாலும் பயப்பட வேண்டாம், பழையதற்குப் பதிலாக வந்த புதியதுதான். முதல் துண்டே வேறாக இருந்தால் அங்கேயே நின்று விசாரியுங்கள்.

நம்பர் கையில் இருந்தால் கடைக்காரரிடம் பேசுவதே வேறு மாதிரி இருக்கும். "ஃபிட் ஆகுமா?" என்று நீங்கள் கேட்க வேண்டியதில்லை. "இந்த நம்பருக்கு மாற்றா?" என்று கேட்கலாம், அவரும் மழுப்ப முடியாது.

படி 3: பார்ட்ஸ் விலையை அல்ல, கழற்றும் வேலையைக் கணக்கிடுங்கள்

இந்தப் பதிவில் ஒன்றே ஒன்றுதான் நினைவில் நிற்கும் என்றால் அது இந்தப் படியாக இருக்கட்டும். ஒரு பார்ட் தோற்றுப்போனால் அதை மறுபடி எட்ட எவ்வளவு பிரிக்க வேண்டும்? அதை வைத்துத்தான் எங்கே நல்ல சரக்கு, எங்கே மலிவு சரக்கு என்று முடிவு செய்ய வேண்டும்.

கிராங்க்கையும் வால்வுகளையும் ஒரே தாளத்தில் ஓடவைக்கும் டைமிங் பெல்ட்டைப் பாருங்கள். 60,000 மைல், அதாவது சுமார் 1 லட்சம் கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறார்கள். இந்தத் தலைமுறை எஞ்சினில் பெல்ட் அறுந்தாலும் பிஸ்டன் போய் வால்வை இடிக்காது. பல கார்களுக்கு இல்லாத கொடுப்பினை அது. ஆனாலும் கார் நடுரோட்டில் நின்றுவிடும். பெல்ட்டை எட்ட ரேடியேட்டர் ஹோஸ், மற்ற பெல்ட்டுகள், புல்லி, வால்வு கவர், மூன்று பிளாஸ்டிக் மூடி எல்லாம் கழற்ற வேண்டும். அங்கே போன பிறகு கண் முன்னால் இருப்பவை: பெல்ட், அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர், தாங்கும் உருளையான ஐட்லர், வால்வுகளைத் திறக்கும் கேம் தண்டுகளின் இரண்டு ஆயில் சீல், முன்பக்க கிராங்க் சீல், வாட்டர் பம்ப். இதில் மலிவான ஒரு ஆயில் சீல் ஆறு மாதத்தில் கசிந்தால், புது பெல்ட் எண்ணெயில் ஊறும். முழு வேலையையும் முதலிலிருந்து செய்ய வேண்டும்.

எனவே அந்த மூடிக்குள் போகும் எல்லாவற்றையும் ஒரே தடவையில், நல்ல சரக்காகவே வாங்குங்கள். கிட்டாக வாங்கும்போது ஒரு தந்திரத்தைக் கவனியுங்கள். பெல்ட்டில் பெரிய கம்பெனி பெயர் இருக்கும், டென்ஷனர் பேரிங்கில் எதுவுமே இருக்காது. டப்பாவைத் திறந்து பேரிங்கின் வளையத்தைப் படியுங்கள். என்எஸ்கே, கோயோ, என்டிஎன் என்று பொறித்திருந்தால் நல்லது. விரலை உள்ளே விட்டு மெதுவாகச் சுற்றுங்கள். நல்ல பேரிங்கில் கிரீஸின் கனம் கையில் தெரியும், வழுவழுவென்று சுற்றி நிற்கும். கரகரத்தாலோ, காற்றாடி மாதிரி சுற்றிக்கொண்டே இருந்தாலோ திருப்பி அனுப்புங்கள்.

கிளட்ச்சும் இதே ரகம். கியர்பாக்ஸை இறக்காமல் கிளட்ச் தட்டை மாற்ற முடியாது. அதை இறக்கிய பிறகு ரிலீஸ் பேரிங், பைலட் பேரிங், பின்பக்க கிராங்க் சீல் மூன்றையும் விட்டுவைக்காதீர்கள்.

மறுபக்கம், ஐந்து நிமிடத்தில் கழற்றி மாட்டக்கூடிய ஏர் ஃபில்டருக்கு இவ்வளவு யோசனை தேவையில்லை. ஏதோ ஒன்றை வாங்குங்கள்.

படி 4: டப்பாவின் பெயரும் செய்தவரின் பெயரும்

மஸ்டா சொந்தமாக ஸ்பார்க் பிளக் செய்வதில்லை. காருக்குள் போகும் பாதிப் பொருளை வேறு கம்பெனிகள்தான் செய்து கொடுக்கின்றன. அதே கம்பெனிகள் தங்கள் சொந்த டப்பாவிலும் விற்கும், விலை குறைவாகவே இருக்கும். பிளக்குக்கு என்ஜிகே, சென்சாருக்கு டென்சோ, கிளட்ச்சுக்கு எக்ஸெடி, வாட்டர் பம்புக்கு ஐசின், ஆயில் சீலுக்கு என்ஓகே. ஜப்பான் கார்களில் புழங்கும் பெயர்கள் இவை. புதியவர் ஒருவர் இந்தப் பட்டியலுக்குள் நின்றாலே பாதிக் கிணறு தாண்டிவிட்டார்.

கிளட்ச்சின் ஸ்லேவ் சிலிண்டர் (பெடலை மிதித்தால் ஆயில் அழுத்தத்தில் கிளட்ச்சைத் தள்ளுவது) இந்தக் காரின் நிரந்தர நோயாளி. கியர்பாக்ஸின் பக்கத்தில் தாழ்வாக உட்கார்ந்து, ரோட்டுத் தூசியைத் தின்றுகொண்டிருக்கும். அதன் ரப்பர் தொப்பியைப் பின்னால் இழுத்துப் பாருங்கள். உள்ளே ஈரமாக இருந்தால் ஆயுள் முடிந்தது. ரிப்பேர் கிட் மலிவாகக் கிடைக்கும். ஆனால் சிலிண்டரின் உட்சுவரில் துருப்புள்ளி விழுந்திருந்தால் புது ரப்பரையும் அது கீறிவிடும். முழு சிலிண்டராக, மேலே பெடலோடு இணைந்த மாஸ்டர் சிலிண்டரோடு சேர்த்து மாற்றுவதே என் கட்சி. ஒன்று போனால் மற்றதும் பெரும்பாலும் பின்னாலேயே போகும்.

பிரேக் பேடில் வேறு ஒரு சபலம் உண்டு. ஸ்போர்ட்ஸ் கார்தானே என்று ரேஸ் டிராக்குக்கான பேடை வாங்குவார்கள். அது சூடானால்தான் பிடிக்கும். காலையில் வீட்டைவிட்டுக் கிளம்பி முதல் சிக்னலில் மிதிக்கும்போது அது சூடாக இருக்காது. தெருவுக்கான நல்ல பேட் போதும்.

படி 5: ரப்பருக்கு வயது பாருங்கள்

"பிரிக்காத ஒரிஜினல், 1993 சரக்கு" என்று விளம்பரம் வந்தால் மனசு துள்ளும். சின்னம், கண்ணாடி, ஸ்விட்ச் என்றால் துள்ளலாம், தப்பில்லை. ஹோஸ், பெல்ட், புஷ், சீல் என்றால் வேண்டாம். அலமாரியில் சும்மா கிடந்தாலும் ரப்பர் இறுகும், வெடிக்கும். டயருக்கும் அதே கதை. பக்கவாட்டில் DOT என்று தொடங்கும் எழுத்துகளின் முடிவில் நான்கு இலக்கம் இருக்கும்: 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம்.

நல்ல செய்தி, மஸ்டாவே இந்தக் காரைக் கைவிடவில்லை. 2017-இல் ஜப்பானில் முதல் தலைமுறை ரோட்ஸ்டருக்கு மறுசீரமைப்புத் திட்டம் ஒன்றை அறிவித்து, மடக்குக் கூரை, நார்டி மர ஸ்டியரிங், அந்தக் காலத்து பிரிட்ஜ்ஸ்டோன் எஸ்எஃப்325 டயர் என்று சிலவற்றை மறுபடி செய்ய வைத்தது. ஆகவே "இனி கிடைக்காது" என்று யாராவது விலை ஏற்றினால், முதலில் டீலரிடம் நம்பரைச் சொல்லிக் கேட்டுவிடுங்கள்.

படி 6: காயலான் கடைக்குப் போகலாமா?

தாராளமாக. கதவு, சீட், மேலெழும் ஹெட்லைட்டின் மோட்டார், டிஃபரென்ஷியல், அலாய் சக்கரம் எல்லாம் உடைப்புக் காரிலிருந்து எடுக்கலாம். பிரேக், கிளட்ச் ஹைட்ராலிக்ஸ், ஹோஸ் வேண்டாம். ரேடியேட்டரும் வேண்டாம்: அதன் மேல் தொட்டி கறுப்பு பிளாஸ்டிக். வெந்து வெந்து பழுப்போ பச்சையோ கலந்த நிறத்துக்கு வந்துவிட்டால் எப்போது வேண்டுமானாலும் பிளக்கும். உங்கள் காரில் உள்ளதையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

பேட்டரி பழையது வேண்டவே வேண்டாம், புதிதிலும் கவனம். மியாட்டாவில் பேட்டரி டிக்கிக்குள் இருக்கிறது. சாதாரண பேட்டரியை வைத்தால் அதன் அமில ஆவி உள்ளேயே சுற்றி இரும்பை அரிக்கும். சீல் செய்த ஏஜிஎம் வகை (அமிலம் கண்ணாடி இழைப் பாயில் ஊறியிருக்கும் பேட்டரி), ஆவியை வெளியே விடும் வென்ட் குழாய் மாட்ட வழியுள்ளதாக வாங்கி, குழாயை மறக்காமல் மாட்டுங்கள்.

படி 7: பார்சல் வந்ததும்

என்ஜிகே பிளக்கில் டூப்ளிகேட் ஏராளம். மரை வெட்டு சொரசொரப்பாக இருந்தாலோ, பீங்கானில் எழுத்து மங்கலாக அச்சாகியிருந்தாலோ, விலை நம்ப முடியாத மலிவாக இருந்தாலோ போடாதீர்கள். மற்ற எல்லாவற்றுக்கும் பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து போல்ட் துளை, நீளம், மரை மூன்றையும் ஒப்பிடுங்கள். புதியது மாட்டி ஓடும்வரை பழையதைத் தூக்கிப் போடாதீர்கள்.

பிரேக் காலிப்பர், ஆல்டர்னேட்டர் போன்றவற்றைப் புதுப்பித்து விற்பவர்கள், பழையதைத் திருப்பித் தரும்வரை ஒரு தொகையைப் பிடித்து வைப்பார்கள். காலிப்பரை அனுப்பும்முன் உள்ளே உள்ள பிரேக் ஆயிலை வடித்து, துளையை அடைத்து, பிளாஸ்டிக் பையில் கட்டி, புதியது வந்த அதே அட்டைப்பெட்டியில் போட்டு அனுப்புங்கள். பெட்டி இல்லை என்று பணத்தைத் தராத கடைகளும் உண்டு.