சிகரட் துண்டு பொறுக்குவது எப்படி? கொழும்பில் ஒரு கடை வாசலில் இருந்து தொடங்கலாம்

ஐம்பது பேரைத் திரட்டி, ஒரே நிற டீசேர்ட் போட்டு, காலி முகத்திடலிலோ வெள்ளவத்தைக் கடற்கரையிலோ ஒரு ஞாயிறு காலை குப்பை பொறுக்குவதில் தப்பில்லை. ஆனால் சிகரட் துண்டைப் பொறுத்தவரை அது தும்பை விட்டு வாலைப் பிடிக்கிற கதை. தும்பு இருப்பது பெட்டிக்கடை வாசலில்.

கொழும்பில் பலர் சிகரட்டைப் பெட்டியாக வாங்குவதில்லை. ஒன்று, மிஞ்சினால் இரண்டு. கடையில் தொங்கும் லைட்டரிலோ, சில பழைய கடைகளில் இன்னும் புகைந்துகொண்டிருக்கும் தும்புக் கயிற்றிலோ பற்றவைப்பார்கள். ஒரு பிளேன்டீயோடு அங்கேயே நின்று குடித்து முடிப்பார்கள். துண்டு காலடியில் விழும், செருப்பால் ஒரு நசுக்கு, அப்புறம் வீதியோர வடிகாலான கானுக்குள் ஒரு தள்ளு. மழை வந்தால் கான் வாய்க்காலுக்குப் போகிறது. வெள்ளவத்தை வாய்க்காலும் தெஹிவளை வாய்க்காலும் கடலுக்குப் போகின்றன. நாம் கடற்கரையில் குனிந்து பொறுக்குவது, பல நாளுக்கு முன் காலி வீதியில் யாரோ போட்டதாக இருக்கலாம்.

பில்டர் பார்க்கப் பஞ்சு மாதிரி இருக்கும். உண்மையில் அது செலுலோஸ் அசிடேட் என்ற பிளாஸ்டிக். ஒரு பில்டருக்குள் 12,000க்கும் மேற்பட்ட மெல்லிய இழைகள் உண்டு. அது முழுதாக உக்கிப்போகாது, ஆண்டுக்கணக்கில் கிடந்து இழை இழையாகப் பிரியும். அதற்குள் பிடிபட்ட நிக்கொட்டினும் ஆர்சனிக், ஈயம் போன்றவையும் தண்ணீர் பட்டதும் தேயிலைப் பையில் சாயம் இறங்குகிற மாதிரி இறங்கிவிடும். அமெரிக்காவின் சான் டியேகோ மாநிலப் பல்கலைக்கழகத்தினர் 2011இல் வெளியிட்ட ஆய்வில், லீட்டருக்கு ஏறக்குறைய ஒரு துண்டு என்ற அளவில் ஊறிய தண்ணீரே அதில் விடப்பட்ட மீன்களில் பாதியைக் கொல்லப் போதுமாக இருந்தது. அதனால் மழைக்கு முன் எடுப்பதுதான் இந்த வேலையின் உயிர்நாடி.

சரி, வேலைக்கு வருவோம்.

1. ஒரே ஒரு இடத்தைப் பிடியுங்கள்

முழு வீதியும் வேண்டாம். நீங்கள் தினமும் எப்படியும் கடந்துபோகிற ஒரு தேத்தண்ணிக் கடை, ஒரு பஸ் தரிப்பிடம், ஒரு ஓட்டோ நிறுத்துமிடம், இவற்றில் ஒன்று போதும். முதல் நாள் எதையும் பொறுக்காமல் சும்மா பாருங்கள். நடைபாதைக் கற்களின் இடுக்கு, மரத்தின் அடி, தரிப்பிட இருக்கையின் பின்பக்கம், வங்கி வாசல் பூச்சாடி, கான் மூடியின் ஓட்டை. துண்டுகள் பரவலாகக் கிடக்காது, கொத்துக் கொத்தாகக் கிடக்கும். ஒரு தாளில் அந்தக் கொத்துகளைக் குறியுங்கள். பக்கத்துக் கான் எங்கே திறந்திருக்கிறது என்பதையும் குறியுங்கள். பின்னால் தகர டின் வைக்கும்போது இந்தத் தாள்தான் கைகொடுக்கும்.

ரயில் பாதைப் பக்கம் மட்டும் போகாதீர்கள். மரைன் டிரைவ் ஓரமாகத் தண்டவாளத்தில் நிறையத் துண்டு கிடக்கும், கை துறுதுறுக்கும். கடல் இரைச்சலில் ரயில் வருகிற சத்தம் காதில் விழாது. விட்டுவிடுங்கள்.

2. இரண்டு பேரிடம் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள்

ஒருவர் கடை முதலாளி. "உங்கள் கடையால் குப்பை" என்று தொடங்கினால் கதை அங்கேயே முடிந்துவிடும். "முதலாளி, வாசலைக் கொஞ்சம் கூட்டித் தரட்டுமா" என்று கேட்டால் மறுக்கிறவரை நான் இன்னும் பார்க்கவில்லை.

மற்றவர் காலையில் அந்த வீதியைக் கூட்டுகிற மாநகர சபைத் தொழிலாளி. பலரும் மறந்துவிடுகிற ஆள். அவர் எத்தனை மணிக்கு வருகிறார், எந்த மூலை அவருடைய விளக்குமாற்றுக்கு எட்டுவதில்லை என்று கேளுங்கள். பெரும்பாலும் கல் இடுக்கும் மரத்தடியும்தான் எட்டாது, அதைத்தான் நீங்கள் எடுக்க வேண்டும். அவர் எப்படியும் கூட்டப்போவதை நீங்கள் கூட்டிக் குவித்துவிட்டுப் போனால், அது உதவி இல்லை, அவருக்கு இரட்டை வேலை.

3. சாமான்கள்

தடித்த றப்பர் கையுறை, நீளமான இடுக்கி, ஈர்க்குமாறு, குப்பை அள்ளி, மூடியுள்ள பழைய பிஸ்கட் டின். கல் இடுக்கில் சிக்கியதை நெம்ப ஒரு பழைய ஸ்குரூடிரைவர். பொலித்தீன் பையில் நேரடியாகப் போட வேண்டாம். பத்தில் ஒன்று உள்ளே இன்னும் கனன்றுகொண்டிருந்தால் பை ஓட்டையாகும், காற்றடித்தால் தீப்பிடிக்கவும் கூடும். டின்னின் அடியில் ஒரு கைப்பிடி மணல் போட்டுக்கொள்ளுங்கள்.

4. பொறுக்குதல்

நேரம் முக்கியம். தென்மேல் பருவமழை மே முதல் செப்டெம்பர் வரை. ஒக்டோபர், நவம்பரில் மழை பெரும்பாலும் பின்னேரம்தான் இடியோடு கொட்டும். ஆகவே அந்த மாதங்களில் மதியத்துக்கு முன்பே முடித்துவிடுங்கள். நனைந்த துண்டு தாளும் புகையிலையும் தனித்தனியாகப் பிரிந்து நிலத்தில் ஒட்டிக்கொள்ளும், பொறுக்க இரண்டு மடங்கு நேரமாகும்.

கான் வாயிலிருந்து தொடங்கி வெளியே வாருங்கள். நடுவில் தொடங்கினால், பாதி வேலையில் ஒரு தூறல் வந்தால்கூட கான் ஓரத்தில் கிடந்தது போய்விடும். கான் மூடியைத் தூக்காதீர்கள், உள்ளே விழுந்ததைக் கையால் துழாவாதீர்கள். பிளேட், ஊசி, உடைந்த போத்தல் எல்லாம் அங்கேதான் இருக்கும். ஈர்க்குமாற்றால் கல் இடுக்கைக் குறுக்காக இழுத்தால் துண்டுகள் மேலே வரும். வராததை மட்டும் நெம்புங்கள்.

பீடிக்கட்டையும் கலந்து வரும். அதில் பில்டர் இல்லை, இலை உக்கிவிடும். என்றாலும் எரிந்த புகையிலை புகையிலைதான், சேர்த்தே எடுங்கள்.

சின்னப் பிள்ளைகளை இந்த வேலைக்குக் கூட்டிப்போக வேண்டாம். நிக்கொட்டின் தோல் வழியாகவும் உடம்பில் ஏறும். நீங்களும் கையுறையைக் கழற்றிய பிறகு சவர்க்காரம் போட்டுக் கை கழுவாமல் வடையைத் தொடாதீர்கள்.

கடற்கரை மணலில் செய்ய விரும்பினால் மா அரிக்கும் அரிதட்டு போதும், ஆனால் மணல் காய்ந்திருக்க வேண்டும். 2021இல் எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் எரிந்து பிளாஸ்டிக் குருணிகள் கரையொதுங்கியபோது தொண்டர்கள் மணலை அரித்துத்தான் அவற்றைப் பிரித்தார்கள். துண்டு அதைவிடப் பெரியது, சுலபம்.

5. பொறுக்கியதை என்ன செய்வது

தண்ணீர் ஊற்றி அணைத்துக் கானில் கொட்டினால் பொறுக்கியதே வீண். வீட்டுப் பசளைக் குழிக்கும் ஆகாது, எரிக்கவும் கூடாது. மீள்சுழற்சிக்குப் போகிற பிளாஸ்டிக்கோடும் சேர்க்காதீர்கள், அந்த மூட்டையையே கெடுத்துவிடும். டின்னை மூடி ஓரிரவு வைத்து, முழுக்க அணைந்ததும் ஒரு பையில் இறுக்கிக் கட்டி, உக்காத குப்பையோடு மாநகர சபை வண்டியில் போடுங்கள். இது முழுத் தீர்வு இல்லைதான். கானுக்குள் போவதைவிட எவ்வளவோ மேல்.

6. தகர டின் வைத்தல்

உண்மையான வேலை இங்கேதான். பொறுக்குவது நேற்றைய துண்டை. டின் பிடிப்பது நாளைய துண்டை.

பெரிய பால்மா டின் அளவு ஒன்று எடுங்கள். பிளாஸ்டிக் வாளி உருகும், வேண்டாம். முக்கால் பங்குக்கு காய்ந்த மணல் நிரப்புங்கள். மணல் கட்டடம் கட்டுகிற இடத்தில் கேட்டு வாங்கியதாக இருக்கட்டும். கடற்கரையில் மணல் அள்ள அனுமதி வேண்டும், தவிர உப்பு மணல் டின்னைத் துருப்பிடிக்க வைக்கும். மணலுக்குப் பதில் தண்ணீர் ஊற்றி வைக்கிற கடைகள் உண்டு. அதைப்போல வேறு முட்டாள்தனம் இல்லை. முதலாவது, அந்தத் தண்ணீர் கடைசியில் கானுக்குத்தான் போகும். இரண்டாவது, தேங்கிய தண்ணீரைக் கண்டால் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் விடமாட்டார். நுளம்பு பெருக இடம் கொடுப்பது 2007ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி குற்றம். மழை படாத தாழ்வாரத்துக்குக் கீழே வையுங்கள். அப்படியும் சாரல் அடிக்கும் என்றால் அடியில் ஆணியால் நாலைந்து ஓட்டை போடுங்கள்.

எங்கே வைப்பது? உங்கள் தாளில் எந்தக் கொத்து பெரிதோ அங்கே, லைட்டர் தொங்குகிற இடத்திலிருந்து கண்ணில் படுகிற மாதிரி. ஆறு ஏழு அடிக்கு மேல் போனால் யாரும் நடக்கமாட்டார்கள். நடைபாதை மாநகர சபையுடையது. டின் கடையின் சொந்த வாசலுக்குள் இருந்தால் கேள்வி வராது. கடைக்குள்ளே வைக்கக் கூடாது. 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டப்படி மூடப்பட்ட பொது இடங்களில் புகைக்கத் தடை, உள்ளே டின் இருந்தால் புகைக்க அழைப்பது போலாகிவிடும். பாடசாலைப் பிள்ளைகள் நிற்கும் தரிப்பிடத்தையும் தவிருங்கள். புகையிலை விளம்பரத்துக்கும் அதே சட்டம் தடை போட்டிருக்கிறது, ஆகவே சிகரட் பெயர் அச்சிட்ட சாம்பல் கிண்ணம் எதுவும் இலவசமாக வந்தாலும் வாங்காதீர்கள்.

கம்பியால் தூணோடு கட்டிவிடுங்கள். கொழும்பில் தகரத்துக்கு விலை உண்டு.

மேலே ஒரு வரி எழுதுங்கள், சிங்களத்திலும் தமிழிலும்: "துண்டை இதற்குள்". அவ்வளவுதான். புற்றுநோய்ப் படம், கண்டிப்பு, கவிதை ஒன்றும் வேண்டாம். பெட்டியில் எண்பது வீதத்துக்குப் படம் போட்டிருக்கிறார்கள், புகைக்கிறவர் அதைப் பார்த்துவிட்டுத்தான் பற்றவைக்கிறார்.

7. புகைக்கிறவரோடு பேச்சு

உடம்பைப் பற்றிப் பேசாதீர்கள். புகைப்பதை நிறுத்தச் சொல்வது வேறு வேலை, இரண்டையும் கலந்தால் இரண்டும் நடக்காது. துண்டு விழுவதற்கு முன்னால், சிகரட் பாதியில் இருக்கும்போதே சொல்லுங்கள். விழுந்த பிறகு சொன்னால் ஆளைக் குற்றஞ்சாட்டியதாகிவிடும். "அண்ணே, முடிஞ்சதும் அந்த டின்ல போட்டுடுங்க" போதும். புறக்கோட்டைப் பக்கம் "நானா" (முஸ்லிம்கள் அண்ணனைச் சொல்வது) என்று கூப்பிட வேண்டியவரை நானா என்றே கூப்பிடுங்கள். ஓட்டோ நிறுத்துமிடத்தில் வயதில் மூத்த ஒருவரைப் பிடித்தால் மற்றவர்களுக்கு அவரே சொல்லிக்கொள்வார். நடந்துகொண்டே புகைக்கிறவருக்கு மூடியுள்ள சின்ன மாத்திரை டின் ஒன்றைக் கொடுத்துப் பாருங்கள், சிலர் சட்டைப்பையில் வைத்துக்கொள்வார்கள்.

8. கணக்கு

வாரம் ஒரு நாள், அதே நேரத்தில், டின்னுக்குள் எத்தனை, நிலத்தில் எத்தனை என்று எண்ணி எழுதுங்கள். நிலத்தில் குறையவில்லை என்றால் ஆட்களைத் திட்டாமல் டின்னை நகர்த்துங்கள், ஓரடி ஈரடி வித்தியாசம்கூட வேலை செய்யும். டின் நிரம்பி வழிந்தால் அதைச் சுற்றியே குவிக்கத் தொடங்குவார்கள், எனவே மணலை அரித்துத் துண்டை எடுக்கிற பொறுப்பு கடையில் ஒருவரிடம் பெயர் சொல்லி இருக்க வேண்டும். அந்த ஆள் நீங்கள் வராமலே டின்னை வெறுமையாக்கத் தொடங்கிய பிறகு அடுத்த கடையைப் பாருங்கள், அதற்கு முன் வேண்டாம்.