பிளேயரை நீக்கியாச்சு, அதன் ஆடியோ டிரைவர் மட்டும் ஏன் இன்னும் இருக்கிறது?

மீடியா பிளேயரை அன்இன்ஸ்டால் செய்து மாதக்கணக்காகியிருக்கும், ஆனால் டாஸ்க்பாரில் ஸ்பீக்கர் ஐகானைத் தொட்டால் அதன் பெயரில் ஏதோ ஒரு 'விர்ச்சுவல் ஆடியோ' இன்னமும் பட்டியலில் உட்கார்ந்திருக்கும். என் பழைய லேப்டாப்பில் இதே கதைதான். கணினியில் ஓடும் பாட்டை அப்படியே பதிவு செய்து தருகிறேன் என்று வந்த ஒரு பிளேயர், அதற்காக ஒரு போலி சவுண்ட் கார்டையும் சேர்த்துப் போட்டுவிட்டது. பிளேயரைத் தூக்கிய பிறகும் ஒவ்வொரு ரீஸ்டார்ட்டிலும் ஒலி அந்தக் கார்டுக்கே போய்விடும், வீடியோ காலில் எதிரில் இருப்பவர் வாயசைப்பது மட்டும்தான் தெரியும்.

இதைச் சரிசெய்வது கஷ்டமில்லை. ஆனால் எதை நீக்குகிறோம் என்று தெரிந்து நீக்க வேண்டும். எல்லாவற்றையும் 'டிரைவர்' (சாதனத்தை விண்டோஸோடு பேசவைக்கும் நிரல்) என்றே சொல்லிப் பழகிவிட்டோம், உண்மையில் பிளேயர்கள் விட்டுப்போகும் மிச்சம் இரண்டு வகை. ஒன்று, சவுண்ட் கார்டு போல நடிக்கும் டிவைஸ். இன்னொன்று, விண்டோஸ் தன் அமைப்புகளைக் குறித்து வைக்கும் ரெஜிஸ்ட்ரியில் கிடக்கும் கோடெக் பதிவு. கோடெக் என்பது ஒலியையும் படத்தையும் சுருக்கவும் விரிக்கவும் உதவும் நிரல். முதல் வகை காதுக்குத் தெரியும், இரண்டாவது பெரும்பாலும் தெரியாது.

ஏதாவது தவறினால் விண்டோஸைப் பழைய நிலைக்குத் திருப்ப, முதலில் ஒரு ரீஸ்டோர் பாயின்ட் போட்டுக்கொள்ளுங்கள். பல கணினிகளில் இந்த வசதி அணைந்தே கிடக்கும், அதனால் சி டிரைவுக்கு அது ஆன் ஆகியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போடுங்கள்.

அப்புறம் பழைய சவுண்ட் பேனலைத் திறக்க வேண்டும். விண்டோஸ் 11-ல் செட்டிங்ஸ், சிஸ்டம், சவுண்ட் என்று போனால் கீழே 'மோர் சவுண்ட் செட்டிங்ஸ்' இருக்கும். பிளேபேக் பட்டியலில் அந்தப் போலி டிவைஸை ரைட் கிளிக் செய்து டிசேபிள் கொடுங்கள், ரெக்கார்டிங் பக்கத்திலும் அதன் ஜோடி இருந்தால் அதற்கும் அதே வைத்தியம். நிறைய பேருக்கு வேலை இங்கேயே முடிந்துவிடும், நானாக இருந்தால் இரண்டு நாள் இப்படியே ஓட்டிப் பார்ப்பேன். டிசேபிள் செய்ததைத் திரும்ப எழுப்ப ஒரு கிளிக் போதும், நீக்கியதற்கு அப்படி இல்லை.

இல்லை, அடியோடு போக வேண்டும் என்றால் ஸ்டார்ட் பட்டனில் ரைட் கிளிக் செய்து டிவைஸ் மேனேஜரைத் திறங்கள். மேலே வியூ மெனுவில் 'ஷோ ஹிட்டன் டிவைசஸ்' என்பதைத் தேர்ந்தெடுத்தால், இப்போது இணைப்பில் இல்லாதவையும் மங்கலான ஐகானோடு வரும். 'சவுண்ட், வீடியோ அண்ட் கேம் கன்ட்ரோலர்ஸ்' பகுதியைப் பாருங்கள். மங்கலாக இருப்பதெல்லாம் குப்பை என்று நினைத்துவிடாதீர்கள், வீட்டில் வேறு அறையில் கிடக்கும் உங்கள் ப்ளூடூத் ஹெட்செட்டும் அங்கே மங்கலாகத்தான் தெரியும்.

சந்தேகமிருந்தால் பிராப்பர்டீஸில் டிரைவர் டேபைத் திறந்து, வழங்கியவர் யார் என்று பாருங்கள். மைக்ரோசாஃப்ட், ரியல்டெக், இன்டெல், ஏஎம்டி, என்விடியா என்றிருந்தால் கை வைக்காதீர்கள். கடைசி இரண்டும் பெரும்பாலும் எச்டிஎம்ஐ வழியாக டிவிக்கு ஒலி அனுப்புபவை. தேதியை நம்பியும் முடிவெடுக்க வேண்டாம். விண்டோஸோடு வரும் டிரைவர்களில் 21-6-2006 என்றே போட்டிருப்பார்கள், ஹார்டுவேர் நிறுவனம் தரும் டிரைவர் எப்போதும் புதிதாகத் தெரிந்து அதற்கு முன்னுரிமை கிடைக்கட்டும் என்பதற்காக. 'அடேங்கப்பா, இவ்வளவு பழசா' என்று அதைத் தூக்கியவர்கள் உண்டு.

சரி, ஆள் யார் என்று உறுதியானதும் அன்இன்ஸ்டால் கொடுங்கள். அப்போது வரும் சின்னப் பெட்டியில் டிரைவரையும் சேர்த்து நீக்கலாமா என்று கேட்கும் டிக் இருந்தால் கட்டாயம் போடுங்கள். அதை விட்டுவிட்டால் டிரைவரின் பிரதி, விண்டோஸ் டிரைவர்களைச் சேர்த்து வைக்கும் டிரைவர் ஸ்டோரில் அப்படியே தங்கி, சில சமயம் ரீஸ்டார்ட் ஆனதும் டிவைஸ் பழையபடி முளைத்துவிடும். அந்த டிக்கே வராவிட்டால் அட்மின் உரிமையோடு கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து டிரைவர்களைக் கையாளும் பிஎன்பியூட்டில் (pnputil) கட்டளையில் பட்டியல் எடுக்கலாம். ஒவ்வொரு டிரைவருக்கும் ஓஇஎம் என்று தொடங்கி ஓர் எண்ணோடு முடியும் ஐஎன்எஃப் கோப்புப் பெயர் இருக்கும், வழங்கியவர் பெயரை வைத்து உங்களுக்கு வேண்டியதை அடையாளம் கண்டு அதே கட்டளையாலேயே நீக்கலாம். அந்த எண் கணினிக்குக் கணினி மாறும், நண்பர் கணினியில் 23 என்றிருந்ததே என்று இங்கும் 23-ஐ நீக்கினால் போவது உங்கள் பிரிண்டராகவும் இருக்கலாம்.

இனி கோடெக். இவை ரெஜிஸ்ட்ரியில் லோக்கல் மெஷின் கிளையில், விண்டோஸ் என்டி-க்குள் 'டிரைவர்ஸ்32' என்ற கீயில் (ரெஜிஸ்ட்ரியின் ஃபோல்டர் மாதிரி) இருக்கும். எம்எஸ்ஏசிஎம் என்று தொடங்குபவை ஆடியோ, விஐடிசி என்று தொடங்குபவை வீடியோ. விஎல்சி போன்ற பிளேயர்கள் கோடெக்கைத் தங்களுக்குள்ளேயே வைத்திருப்பதால் இந்தப் பட்டியலை நம்பி இருப்பதில்லை, அதனால் இங்கே குப்பை சேர்ந்தாலும் படம் ஓடும். விர்ச்சுவல்டப் மாதிரிப் பழைய வீடியோ எடிட்டர்கள்தான் ஒலியைச் சுருக்க இந்தப் பட்டியலைப் படிக்கும், கோப்பே இல்லாத ஒரு பதிவைத் தொட்டால் சிக்கல் அங்கே வரலாம்.

ரெஜிஸ்ட்ரி எடிட்டரில் நேரடியாக இறங்குவதைவிட விண்டோஸோடு தானாகத் தொடங்குபவற்றைப் பட்டியலிடும் மைக்ரோசாஃப்ட்டின் ஆட்டோரன்ஸ் எனக்குப் பிடிக்கும், இலவசம்தான். அதில் கோடெக்ஸ் டேபுக்குப் போனால் கோப்பு காணாமல் போன பதிவுகள் மஞ்சள் நிறத்தில் தெரியும், டிக்கை எடுத்தால் பதிவு செயலிழக்கும், திரும்பப் போட்டால் திரும்ப வரும்.

ரெஜிஸ்ட்ரி எடிட்டரில்தான் செய்வேன் என்பவர்கள் அந்தக் கீயை முதலில் எக்ஸ்போர்ட் செய்து வைத்துக்கொள்ளுங்கள். 64 பிட் விண்டோஸில் 32 பிட் நிரல்களுக்காக வாவ்6432நோட் கிளைக்குள் இன்னொரு டிரைவர்ஸ்32 இருக்கும். அதில் வெறும் பெயர் மட்டும் எழுதியிருக்கும் கோப்பு சிஸ்டம்32-ல் இருக்காது, சிஸ்வாவ்64 ஃபோல்டரில் இருக்கும். பெயரில் 64 இருப்பதில் 32 பிட் கோப்புகள், 32 இருப்பதில் 64 பிட் கோப்புகள், இந்தக் குழப்பத்தை யார் யோசித்தார்களோ! தவறான இடத்தில் தேடிவிட்டு 'கோப்பே இல்லை' என்று நல்ல பதிவை அழிப்பது இங்கேதான் நடக்கும். டபிள்யூடிஎம்ஏயுடி, எம்எஸ்ஏசிஎம்32, எல்3கோடெகா என்று வருபவை விண்டோஸின் சொந்தச் சரக்கு, விட்டுவிடுங்கள்.

ஒரே கிளிக்கில் எல்லாம் சுத்தம் என்று சொல்லும் ரெஜிஸ்ட்ரி கிளீனர்கள் பக்கம் போகாதீர்கள், எதை அழித்தது என்று பிறகு உங்களால் தேடிக்கண்டுபிடிக்க முடியாது.

எல்லாம் முடித்து ரீஸ்டார்ட் செய்ததும் ஒலியே இல்லையென்றால் பதற வேண்டாம். டிவைஸ் மேனேஜரில் ஆக்‌ஷன் மெனுவில் 'ஸ்கேன் ஃபார் ஹார்டுவேர் சேஞ்சஸ்' கொடுங்கள், கை தவறி நீக்கிய உண்மையான சவுண்ட் கார்டு பெரும்பாலும் தானாகவே திரும்பி வந்துவிடும். அப்போதும் வராவிட்டால், முதலில் போட்டு வைத்த ரீஸ்டோர் பாயின்ட் இருக்கிறது.