பழைய காரின் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்: வாங்கும் முன் பார்ப்பதும், வாங்கிய பின் காப்பதும்

வெளிநாடு வந்து முதலில் வாங்கும் கார் பெரும்பாலும் பத்துப் பதினைந்து வருடம் ஓடியதாகத்தான் இருக்கும். பிரேக், பேட்டரி, டயர் எது போனாலும் சமாளித்துவிடலாம். ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் போனால், சரிசெய்யும் செலவு காரின் விலையையே தாண்டிவிடக்கூடும். கிளட்ச் மிதித்தே ஓட்டிப் பழகியவர்கள் இந்தப் பெட்டியைக் கவனிக்காமல் விடுவது சகஜம்.

இதற்குள் கிளட்ச் தட்டுகளை அழுத்திப் பிடிப்பதும், சூட்டைக் கடத்துவதும், தேய்மானத்தைக் குறைப்பதும் ஒரே ஆயில்தான். அதைப் பார்க்கத் தெரிந்தாலே பாதிக் கோளாறு பிடிபடும்.

காரைப் பார்க்கப் போகும்போது இன்ஜின் ஆறியிருக்க வேண்டும். "நான் வரும்வரை ஸ்டார்ட் செய்யாதீர்கள்" என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். போனதும் பானட்டைத் தொட்டுப் பாருங்கள். சாவியைத் திருப்பியதும் இன்ஜின் எச்சரிக்கை விளக்கு எரிந்து, ஸ்டார்ட் ஆனதும் அணைய வேண்டும். எரியவே இல்லையென்றால் யாரோ அதைத் துண்டித்திருக்கலாம். பிரேக்கை மிதித்துக்கொண்டு பார்க்கிலிருந்து ரிவர்ஸ், பிறகு டிரைவ் போடுங்கள். ஒரு நொடியில் பிடிக்க வேண்டும். இரண்டு மூன்று நொடி தாமதித்து டொக்கென்று இடித்தால் ஆயில் அழுத்தம் குறைவாக இருக்கலாம். அடுத்து குறைந்தது 20 நிமிடம் ஓட்டுங்கள். சூடேறி ஆயில் இளகிய பிறகுதான் பழைய சீல்கள் கசிந்து, கிளட்ச் வழுக்கத் தொடங்கும். ஆக்சிலரேட்டரை அழுத்தினால் இன்ஜின் மட்டும் இரைந்து வண்டி வேகமெடுக்காவிட்டால், விலை எவ்வளவு குறைத்தாலும் அந்தக் காரை வாங்க வேண்டாம்.

ஆயில் அளவைப் பார்க்கும் முறை காருக்குக் கார் மாறும். டிப்ஸ்டிக் (ஆயில் அளவு காட்டும் குச்சி) உள்ள பெரும்பாலான கார்களில் வண்டியைச் சமதரையில் நிறுத்தி, கியர்களை ஒருமுறை வரிசையாகப் போட்டுவிட்டுப் பார்க்கில் வைத்து, இன்ஜின் ஓடும்போதே பார்க்க வேண்டும். பல ஹோண்டாக்களில் இது தலைகீழ்: சூடேற்றி, இன்ஜினை அணைத்து, உடனே பார்க்க வேண்டும். சில கார்களில் டிப்ஸ்டிக்கே இருக்காது. அடியிலோ பக்கத்திலோ உள்ள ஒரு போல்ட்டைக் கழற்றி, ஆயில் குறிப்பிட்ட வெப்பநிலையில் இருக்கும்போது அளக்க வேண்டும். அதை மெக்கானிக்கிடம் விடுவதே நல்லது.

வெள்ளைத் துணியில் ஒரு சொட்டு விடுங்கள். பெரும்பாலான வகைகள் புதிதில் சிவப்பாக இருக்கும். தெளிந்த பழுப்பு என்றால் வயதாகிவிட்டது, மாற்றினால் போதும். கறுத்து, கருகிய வாடை அடித்தால் கிளட்ச் தட்டுகள் எரிந்திருக்கின்றன. பால் கலந்த இளஞ்சிவப்பாக இருந்தால் ரேடியேட்டருக்குள் உள்ள ஆயில் கூலர் ஓட்டையாகிக் கூலன்ட் கலந்துவிட்டது. அந்த வண்டியை ஓட்டவே கூடாது.

ஆயில் மாற்றுவது

"ஆயுள் முழுக்க மாற்ற வேண்டாத ஆயில்" என்று சில கையேடுகள் சொல்லும். யாருடைய ஆயுள் என்பது கேள்வி. பழைய வண்டிக்கு 60,000 முதல் 1,00,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றுவது நியாயம். ஆயில் வகையில் மட்டும் சமரசமே கூடாது. டொயோட்டா டபிள்யூ.எஸ்., ஹோண்டா டி.டபிள்யூ.-1, டெக்ஸ்ரான் 6 என்று கையேட்டில் எது இருக்கிறதோ அதையோ, அந்த ஆயிலுக்கு ஈடானது என்று டப்பாவில் தெளிவாகப் போட்டிருப்பதையோதான் வாங்க வேண்டும். சி.வி.டி. (பல்சக்கரங்களுக்குப் பதில் பெல்ட்டால் இயங்கும் ஆட்டோமேட்டிக்) வகைக்குத் தனி ஆயில். அதில் சாதாரண ஆயிலை ஊற்றினால் பெல்ட் வழுக்கிப் பெட்டியே வீணாகும்.

ஜாக்கியை மட்டும் நம்பிக் காருக்கடியில் படுக்காதீர்கள். ஸ்டாண்ட் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். ஆயில் ஊற்றும் வாயை ஒரு போல்ட் மூடியிருந்தால் அதை முதலில் கழற்றிப் பாருங்கள். ஆயிலை வடித்த பிறகு அந்தப் போல்ட் இறுகிக்கொண்டு கழன்று வராவிட்டால், வண்டி நின்ற இடத்திலேயே கிடக்கும். வடிந்ததை லிட்டர் கணக்கில் அளந்து, அதே அளவு புதிதாக ஊற்றுங்கள். அதிகமானால் நுரைத்துக் காற்று கலந்து, குறைந்தால் வருவதைப் போலவே கிளட்ச் வழுக்கும். வடிகால் போல்ட்டுக்குப் புது வாஷர் போடுங்கள். கழற்றக்கூடிய ஃபில்டர் இருந்தால் அதையும் கேஸ்கெட்டையும் மாற்றுங்கள். உள்ளே காந்தத்தில் சாம்பல்நிறப் பசை ஒட்டியிருப்பது இயல்பு. கையில் உறுத்தும் உலோகத் துணுக்குகள் இருந்தால் மட்டும் கவலைப்பட வேண்டும்.

வடித்தால் எல்லாம் வெளியே வராது. இன்ஜினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் டார்க் கன்வெர்ட்டரில் நிறையத் தங்கிவிடும். மொத்தம் 8 லிட்டரில் 3.5 வடிகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒருமுறை மாற்றினால் சுமார் 44 சதவீதம்தான் புதியது. சில நூறு கிலோமீட்டர் இடைவெளியில் மூன்று முறை செய்தால் 82 சதவீதம் ஆகிவிடும். நெடுங்காலம் மாற்றாத பெட்டிக்கு இந்த வழியே ஏற்றது. இயந்திரம் வைத்து அழுத்தத்தில் கழுவும் வேலைக்குக் கடைக்காரர் ஆசை காட்டினாலும் மறுத்துவிடுங்கள். படிந்திருந்த அழுக்கு பெயர்ந்து வால்வுகளின் நுண்வழிகளை அடைக்கலாம். ஏற்கெனவே வழுக்கும் கிளட்ச்சைப் புது ஆயில் காப்பாற்றாது. பழைய ஆயிலைச் சாக்கடையில் ஊற்றாமல் டப்பாவில் அடைத்து, கழிவு ஆயில் வாங்கும் மையத்தில் கொடுங்கள்.

இடிப்பதெல்லாம் கியர்பாக்ஸ் அல்ல. தேய்ந்த இன்ஜின் மவுன்ட், பலவீனமான பேட்டரி, துருப்பிடித்த எர்த் வயர், ஆயில் வழியைத் திறந்து மூடும் ஒரு சிறு மின்வால்வு (சோலனாய்டு) எதுவும் அதே மாதிரி காட்டும். காரின் கணினியில் பதிவான கோளாறு எண்களைப் படிக்கும் ஓ.பி.டி. ரீடர் ஒன்றை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். 'பி0700' என்று வந்தால் கியர்பாக்ஸ் கணினியில் ஏதோ பதிவாகியிருக்கிறது என்பது மட்டுமே செய்தி. உண்மையான கோளாறு வேறு எண்ணில் இருக்கும். அந்த எண்ணைப் பார்க்காமல் "பெட்டியை மாற்ற வேண்டும்" என்று சொல்லும் கடையிலிருந்து வந்துவிடுங்கள். வேறிடத்தில் கேட்கும்போது எழுத்தில் மதிப்பீடு வாங்குங்கள். பழுது பார்ப்பதா, பழைய பெட்டி ஒன்றைப் பொருத்துவதா, மறுசீரமைத்ததா என்று மூன்றுக்கும் தனித்தனி விலையும் உத்தரவாதக் காலமும் அதில் இருக்க வேண்டும்.

ஓட்டும்போது: ரிவர்ஸிலிருந்து டிரைவுக்கு மாற்றுமுன் வண்டி முழுதாக நிற்கட்டும். சரிவில் முதலில் கைப்பிரேக், பிறகு பார்க். இறக்கத்தில் நியூட்ரலில் உருட்டாதீர்கள். பனியிலோ சேற்றிலோ சிக்கினால் சக்கரத்தை விடாமல் சுழற்றாதீர்கள், ஆயில் சில நிமிடங்களில் அளவுக்கு மீறிச் சூடாகிவிடும்.

வழியில் நின்றுபோனால் கயிறு கட்டி இழுக்கச் சம்மதிக்காதீர்கள். இன்ஜின் ஓடாதபோது ஆயில் பம்ப்பும் ஓடாது. சக்கரம் மட்டும் சுழன்றால் உள்ளே உலர்ந்து உராயும். முன்சக்கர இயக்கக் காரென்றால் முன்சக்கரங்கள் தரையில் படாமல் தூக்க வேண்டும், நான்கு சக்கர இயக்கமென்றால் முழு வண்டியும் லாரி மேல் ஏற வேண்டும். உதவிக்கு அழைக்கும்போதே இதைச் சொல்லிவிடுங்கள்.